மீன்வரத்து வரைபடத்தை எந்தக் கோப்பாக எடுப்பது?

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1971-இல் கொச்சிக்கு மாறும்வரை ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில்தான் இருந்தது. ஆகவே கரைசேரும் மீனை எடையிட்டு ஏட்டில் பதிவது ராமநாதபுரம் கரைக்குத் தலைமுறை கடந்து பழகிய வேலை. அந்த ஏட்டுக் கணக்கு இன்று ஆர், பைத்தான், எக்செல் போன்ற மென்பொருள்களில் வரைபடமாகி, அங்கிருந்து இன்க்ஸ்கேப், இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா ஆகிய வடிவமைப்பு மென்பொருள்களுக்குப் போய், கடைசியில் அறிக்கையின் ஒரு பக்கமாகவோ, கருத்தரங்கச் சுவரொட்டியாகவோ, மீன் இறங்குதளத்தின் வாசலில் கட்டும் ஃபிளெக்ஸ் பலகையாகவோ வெளிவருகிறது. கணக்கும் சரியாக இருந்து, வரைந்ததும் சரியாக இருந்து, ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பு மாறும் இடத்தில் மட்டும் பிழை புகுந்த படங்களை நான் பல முறை திருத்தியிருக்கிறேன். அவற்றுள் சில நானே கெடுத்தவை. அந்த இடைவழியில் எந்தக் கோப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதே இங்குப் பேசப்படும் பொருள்.

விளக்கத்துக்காக ஒரே வரைபடத்தைக் கடைசிவரை கையில் வைத்துக்கொள்வோம். கிடை அச்சில் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான மாதங்கள், நிலை அச்சில் மீன்வரத்து, விசைப்படகுக்கு ஒரு கோடு, நாட்டுப்படகுக்கு ஒரு கோடு. வடகடலுக்கு ஒரு சட்டம், அதாவது கட்டமிட்ட ஒரு தனிப்படம், தென்கடலுக்கு ஒரு சட்டம். பாக் விரிகுடாவையும் மன்னார் வளைகுடாவையும் பாம்பனில் அப்படித்தான் சொல்வார்கள். வடகடல் சட்டத்தில் தொண்டி, தேவிபட்டினம் என்றும், தென்கடல் சட்டத்தில் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்றும் இடப்பெயர்கள் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைக் காட்டுவதற்கு, பின்னால் உள்ளது தெரியும்படியான மெல்லிய சாம்பல் நிறப் பட்டை ஒன்று இருக்கும். தடைக்காலத்தில் விசைப்படகின் கோடு தரைதட்டிக் கிடக்கும். நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லையாதலால் அவற்றின் கோடு பட்டைக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கும். இந்தப் பட்டையையும் அதற்குள் ஓடும் கோட்டையும் மறந்துவிடாதீர்கள்.

பிஎன்ஜி, ஜேபெக் ஆகியவை படத்தைச் சிறுசிறு நிறக்கட்டங்களாகச் சேமிப்பவை. அவற்றில் ஒரு கோட்டைத் தனியே பிடித்து நிறம் மாற்றவும் முடியாது, பெரிதாக்கினால் ஓரங்களும் மங்கிவிடும். வெக்டர் கோப்போ, இந்த இடத்திலிருந்து இந்த இடம்வரை இத்தனை தடிமனில் ஒரு கோடு என்று வரைமுறையாகச் சேமிக்கிறது. எஸ்விஜி, பிடிஎஃப், இபிஎஸ், இஎம்எஃப் ஆகிய நான்கும் வெக்டர் கோப்புகளே. ஆனால் வெக்டர் என்ற ஒரு சொல்லை நம்பி எதையாவது எடுத்துவிட்டால் திருத்தும்போது திண்டாட வேண்டியிருக்கும், ஏனெனில் ஒரே வரைபடத்தின் எழுத்தையும் நிறத்தையும் இந்த நான்கும் வெவ்வேறு விதமாகச் சுமந்து செல்கின்றன.

முதலில் ஒரு கேள்வி

கோப்பைச் சேமிப்பதற்கு முன், அடுத்து அதைத் திறப்பவர் அதில் என்ன செய்யப்போகிறார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் எழுத்தைத் திருத்துவார், நிறத்தை மாற்றுவார், குறிப்புகளை இடம் மாற்றி வைப்பார் என்றால் அது வேலைக்கோப்பு. அவர் எதையும் தொடாமல் அப்படியே அச்சிடுவார் என்றால் அது ஒப்படைப்புக் கோப்பு. வேலைக்கோப்பில் எழுத்து எழுத்தாகவே இருக்க வேண்டும். ஒப்படைப்புக் கோப்பில் எழுத்து வெறும் வடிவமாக உறைந்திருப்பதே பாதுகாப்பு. இரண்டுக்கும் ஒரே கோப்பைப் பயன்படுத்த முயல்வதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் வருகின்றன. என் வழக்கத்தில் வேலைக்கோப்பு எஸ்விஜி, ஒப்படைப்புக் கோப்பு பிடிஎஃப். யாராவது கேட்டால் மட்டும் இபிஎஸ், வேர்டு ஆவணத்துக்கு மட்டும் இஎம்எஃப். இந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது முதன்மையாகத் தமிழ் எழுத்துதான். ஆங்கிலத்தில் மட்டும் வரைபவர்கள் பிடிஎஃப் கோப்பையே வேலைக்கோப்பாகவும் வைத்துச் சமாளித்துவிடுவார்கள்.

தமிழ் எழுத்து எங்கே உடைகிறது

கீழக்கரை என்ற பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். யூனிகோடில் அது முதலில் ரகரமாகவும் அதற்குப் பிறகு ஐகாரக் குறியாகவும் சேமிக்கப்படுகிறது. திரையிலோ ஐகாரக் குறி ரகரத்துக்கு முன்னால் வர வேண்டும். தொண்டியில் இன்னும் ஒரு படி கூடுதல்: ஒரே குறியாகச் சேமிக்கப்படும் ஒகரம், தகரத்தின் இரு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டும். இப்படிச் சேமிப்பு வரிசையைப் பார்வை வரிசையாக மாற்றும் வேலையைச் செய்வதற்கு மென்பொருளுக்குள் தனியான ஏற்பாடு தேவை. அந்த ஏற்பாடு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதைப் பொறுத்தே தமிழ் வரைபடத்தின் கோப்பு வடிவம் தீர்மானமாகிறது.

பைத்தானின் மேட்பிளாட்லிப் தொகுப்பில் தமிழ்ப் பெயர்களைக் கொடுத்துப் படம் எடுத்தால் முதலில் வெறும் கட்டங்களே வரும், ஏனெனில் அதன் இயல்பான எழுத்துருவாகிய தேஜாவு சான்ஸில் தமிழ் கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ், நிர்மலா யூஐ, லதா போன்ற ஏதேனும் ஓர் எழுத்துருவைக் குறிப்பிட்டால் எழுத்து வரும், ஆனால் வரிசை சிதைந்து வரும். எழுத்துகளைச் சேர்த்தமைக்கும் ஏற்பாடு இல்லாமல்தான் அந்தத் தொகுப்பு நெடுங்காலம் இருந்தது. ஐகாரக் குறி ரகரத்தின் பின்னால் தொங்கும். தேவிபட்டினத்தின் ஏகாரம் தகரத்துக்குப் பின்னே போய் நிற்கும். இதைப் பார்த்துவிட்டு, தமிழில் வரைபடமே வராது என்று முடிவு கட்டி ஆங்கிலத்துக்குத் திரும்பிய மாணவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் வழி எளிது: எஸ்விஜி ஃபான்ட்டைப் என்ற அமைப்பின் மதிப்பை ‘பாத்’ என்ற இயல்பு நிலையிலிருந்து ‘நன்’ (none) என்று மாற்றி, எஸ்விஜி கோப்பாகச் சேமிக்க வேண்டும். அப்போது தொகுப்பு எழுத்தை வரைய முயலாமல், இந்த இடத்தில் கீழக்கரை என்ற சொல் வர வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அந்தக் கோப்பை இன்க்ஸ்கேப்பிலோ உலாவியிலோ திறந்தால், தமிழைச் சேர்த்தமைக்கத் தெரிந்த அந்த மென்பொருள் பெயரைச் சரியாகக் காட்டுகிறது. மேட்பிளாட்லிப்பின் திரையில் படம் சிதைந்து தெரிந்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை. கோப்பில் இருப்பது சரியான யூனிகோடு.

ஆர் மொழியில் சிக்கல் வேறு விதமானது. அதன் வழக்கமான பிடிஎஃப் கருவி தமிழ் எழுத்தை ஏற்காமல் எச்சரிக்கை கொடுத்து, எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிகளை வைத்துவிடும். கெய்ரோ பிடிஎஃப் என்ற கருவி தமிழைச் சரியாகச் சேர்த்தமைத்து எழுத்துருவையும் உள்ளே பதித்துத் தருகிறது. ஒப்படைப்புக்கு அது மிக நன்று. எஸ்விஜி எடுப்பதற்கு ஆர் மொழியோடு வரும் கருவியும் கெய்ரோவையே சார்ந்தது. அது எழுத்தை வடிவமாக மாற்றியே சேமிக்கும் என்பதால், படம் அழகாகத் தெரிந்தாலும் வாலிநோக்கம் என்பதில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தால் திருத்த வழியில்லை. எழுத்து எழுத்தாகவே வேண்டுமானால் எஸ்விஜிலைட் என்ற தொகுப்பை நிறுவிக்கொள்ள வேண்டும். ஆர் மொழியில் வரைபடம் வரையும் ஜிஜிபிளாட் தொகுப்பைப் பயன்படுத்துவோர், படத்தைச் சேமிக்கும் ஜிஜிசேவ் கட்டளையில் கோப்புப் பெயரின் ஈற்றை எஸ்விஜி என்று கொடுத்தாலே அந்தத் தொகுப்புதான் அழைக்கப்படும். ஒரு சிறு கண்ணி இருக்கிறது: எஸ்விஜிலைட் ஒவ்வொரு சொல்லுக்கும் இவ்வளவு நீளத்துக்குள் அடங்க வேண்டும் என்று ஓர் அளவைச் சேர்த்து எழுதுகிறது. பின்னால் நீங்கள் எழுத்துருவை மாற்றினாலோ பெயரைத் திருத்தினாலோ, பழைய நீளத்துக்குள் அடங்குவதற்காக எழுத்துகள் நெருங்கியோ விலகியோ போகும். ஃபிக்ஸ் டெக்ஸ்ட் சைஸ் என்ற தேர்வை ஃபால்ஸ் என்று வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

எக்செல்லின் புதிய பதிப்புகளில் வரைபடத்தின் மேல் வலச்சொடுக்கிப் படமாகச் சேமிக்கும்போது எஸ்விஜி என்ற தேர்வு கிடைக்கிறது. லிப்ரெஆபிஸ் கால்க்கிலும் அதே முறையில் எஸ்விஜி எடுக்கலாம். இரண்டிலும் தமிழ் எப்படி வந்திருக்கிறது என்பதைத் திறந்து பார்த்த பிறகே மேற்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது. எழுத்துக் கருவியால் ஒரு பெயரைச் சொடுக்கிப் பாருங்கள்: சொல்லுக்குள் செருகுகுறி மின்னினால் எழுத்து உயிரோடு இருக்கிறது, கணுப்புள்ளிகள் மட்டும் தெரிந்தால் அது வடிவமாகிவிட்டது. எந்த மென்பொருளிலிருந்து வந்த கோப்பானாலும் நான் செய்யும் முதல் சோதனை இதுதான், அரை நிமிடம்கூட ஆகாது.

எஸ்விஜி கோப்பைத் திறக்கும்போது

எஸ்விஜி 2001-இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக வந்தது. அது அடிப்படையில் எழுத்துக் கோப்பு என்பதால், வேறு வழி எதுவும் இல்லாவிட்டால் நோட்பேடில் திறந்து ‘எர்வாடி’ என்று தவறாக அடித்ததை ‘ஏர்வாடி’ என்று மாற்றிச் சேமிக்கலாம். இந்த வசதியை வேறு எந்த வடிவமும் இவ்வளவு எளிதாகத் தருவதில்லை. கோடுகளும் அச்சுகளும் தனித்தனிக் குழுக்களாக வருவது இன்னொரு வசதி. மேட்பிளாட்லிப்பில் ஒவ்வொரு கோட்டுக்கும் அடையாளப் பெயரைக் கொடுத்துவிட்டால், இன்க்ஸ்கேப்பில் அந்தப் பெயரைக் கொண்டே நாட்டுப்படகின் கோட்டைத் தேடிப் பிடிக்கலாம்.

அளவில் மட்டும் கவனம் வேண்டும். எஸ்விஜியில் அளவு பிக்சலில் எழுதப்பட்டிருந்தால், வலை வழக்கப்படி ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல். இல்லஸ்ட்ரேட்டரோ ஓர் அங்குலத்துக்கு 72 என்று எடுத்துக்கொள்கிறது. 960 பிக்சல் அகலமுள்ள படம் இன்க்ஸ்கேப்பில் 10 அங்குலமாகவும் இல்லஸ்ட்ரேட்டரில் 13 அங்குலத்துக்குச் சற்று மேலாகவும் திறக்கும். இன்க்ஸ்கேப் தானும் 0.92 பதிப்புக்கு முன்புவரை 90 என்ற கணக்கை வைத்திருந்ததால், பழைய கோப்புகளில் இன்னொரு வேறுபாடும் தென்படலாம். படம் முழுவதும் ஒரே விகிதத்தில் மாறுவதால் கணக்கு கெடாது. ஆயினும் எழுத்தின் அளவும் கோட்டின் தடிமனும் நீங்கள் நினைத்தது அல்லாமல் போகும். கோப்பைத் திறந்தவுடன் படத்தின் அகலத்தை அங்குலத்திலோ மில்லிமீட்டரிலோ பார்த்துச் சரிசெய்த பிறகுதான் மற்றவற்றைத் தொட வேண்டும்.

எஸ்விஜி வழக்கமாக எழுத்துருவைத் தன்னுள் சுமப்பதில்லை, பெயரை மட்டுமே சொல்லும். உங்கள் கணினியில் இருக்கும் எழுத்துரு அடுத்தவரிடம் இல்லையெனில் வேறொன்று வந்து உட்காரும். ஆகவே எஸ்விஜியை அனுப்பும்போது எழுத்துருக் கோப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற கட்டணமில்லா எழுத்துருவைப் பயன்படுத்தினால் இதில் உரிமச் சங்கடமும் இல்லை. இல்லஸ்ட்ரேட்டரில் தமிழ் சிதைந்து தெரிந்தால், எழுத்து விருப்பங்களில் இந்திய மொழிகளுக்கான தேர்வை இயக்கி, பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோப்பில் பிழை இல்லாதபோதே கோப்பைக் குறை சொல்லித் திரும்ப அனுப்புபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

பிடிஎஃப் கோப்பைத் திருத்த நேர்ந்தால்

1993-இல் வெளிவந்து 2008-இல் பன்னாட்டுத் தர அமைப்பின் தரமாகவும் ஏற்கப்பட்ட பிடிஎஃப், பார்ப்பதற்கும் அச்சிடுவதற்கும் உருவானது, திருத்துவதற்கு உருவானதன்று. அதனுள் சொல் சொல்லாக இல்லை. இந்த எழுத்துருவின் இந்த வடிவத்தை இந்த இடத்தில் வை என்ற கட்டளைகளாக, பார்வை வரிசையில் இருக்கிறது. அதைத் திறக்கும் மென்பொருள் அந்த வடிவங்களிலிருந்து பின்னோக்கிச் சென்று சொல்லை ஊகிக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஊகம் பெரும்பாலும் பலிக்கும். தமிழில் கொம்பு ஒரு பெட்டியாகவும் மெய் ஒரு பெட்டியாகவும் பிரிந்து வரும். ஆகவே தமிழ் வரைபடத்தின் பிடிஎஃப் ஒன்றே கையில் இருந்து, திருத்தியே ஆக வேண்டும் என்றால், பழைய எழுத்துகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டச்சு செய்வதுதான் விரைவான வழி. அவற்றை ஒட்டவைக்க முயன்று நான் ஒரு மாலைப்பொழுதை இழந்திருக்கிறேன்.

எண்களும் ஆங்கில எழுத்தும் மட்டும் உள்ள படங்களுக்குச் சில குறிப்புகள். மேட்பிளாட்லிப்பில் பிடிஎஃப் ஃபான்ட்டைப் என்பதன் இயல்பு மதிப்பு 3. அதை 42 என்று மாற்றினால் எழுத்து ட்ரூடைப் வகையில் பதிந்து, இல்லஸ்ட்ரேட்டரில் எழுத்தாகவே திறக்கும். ஆர் மொழியின் 4.1.0 பதிப்புக்கு முன்னர் எடுத்த பழைய பிடிஎஃப் படங்களில், சிறு வட்டப் புள்ளிகள் டிங்பேட்ஸ் என்ற குறியுருவின் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வட்டங்கள் இருந்த இடமெல்லாம் ஏதோ ஓர் ஆங்கில எழுத்து வரிசையாக நிற்கும். பத்தாண்டுக்கு முந்தைய ஆய்வேட்டுப் படங்களை மீட்டெடுப்பவர்கள் இதைக் கண்டு அஞ்ச வேண்டாம். யூஸ் டிங்பேட்ஸ் என்பதை ஃபால்ஸ் என்று வைத்து மறுபடி எடுத்தால் போதும்.

பிடிஎஃப் படத்தைத் திறந்து ஒரு கோட்டைச் சொடுக்கினால் கோடு அகப்படாமல் பெரிய செவ்வகம் ஒன்று அகப்படும். அது கிளிப்பிங் மாஸ்க், அதாவது வரைபடத்தின் அச்சுகளுக்கு வெளியே போகும் பகுதியை மறைக்கும் சட்டம். இல்லஸ்ட்ரேட்டரில் எல்லா மாஸ்க்குகளையும் ஒருசேரத் தேர்ந்து விடுவிக்கலாம். ஆனால் அச்சின் எல்லையைத் தாண்டிய தரவு ஏதேனும் அதுவரை மறைந்திருந்தால் விடுவித்தவுடன் அது வெளியே தலைகாட்டும் என்பதால், முன்னும் பின்னும் படத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இன்க்ஸ்கேப்பில் பிடிஎஃப் கோப்பைத் திறக்கும்போது இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்வு செய்யக் கேட்கும். பாப்ளர் வழியைத் தேர்ந்தால் எழுத்து வடிவமாகிவிடும், ஆனால் தோற்றம் மாறாது. உள்வழியைத் தேர்ந்தால் எழுத்து எழுத்தாக வர முயலும். தமிழ் உள்ள படத்துக்கு முதல் வழியே மேல்.

இபிஎஸ்: பட்டை மறைத்த கோடு

அச்சிட வேண்டிய பக்கத்தை அச்சுப்பொறிக்கு விவரிக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி 1984-இல் வந்தது. அதன் வழியில் வந்த இபிஎஸ், பல ஆண்டுகள் அச்சுலகின் பொது மொழியாக இருந்தது. சில ஆய்வு இதழ்களும் பழைய அச்சகங்களும் இன்றும் அதைக் கேட்கின்றன. அதன் பெருங்குறை ஒன்றை அறிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும்: ஒரு நிறத்தின் வழியே பின்னால் உள்ளது தெரிவது என்ற கருத்தே இபிஎஸ்ஸில் இல்லை.

தடைக்காலப் பட்டையை இப்போது நினைவுகூருங்கள். மேட்பிளாட்லிப்பில் அந்தப் படத்தை இபிஎஸ் ஆக எடுத்தால், ஒளிபுகும் சாம்பல் பட்டை ஒளிபுகாத திட்டுப் பட்டையாகிவிடும். பட்டையைக் கோடுகளுக்கு மேலே வரைந்திருந்தால், ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை நாட்டுப்படகின் கோடு காணாமல் போகும். ஆர் மொழியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் கருவியில் இதற்கு நேர்மாறு: பட்டையே வராது. இரண்டு மென்பொருள்களும் எச்சரிக்கை கொடுக்கத்தான் செய்கின்றன, அதை யார் படிக்கிறோம்? நான் படிக்காமல் ஓர் அறிக்கைக்கு இப்படி ஒரு படத்தை அனுப்பினேன். தடைக்காலத்தில் இந்தக் கரையில் எவருமே கடலுக்குப் போவதில்லை என்று அந்தப் படம் சொல்லிற்று. அந்த இரண்டு மாதமும் கடலுக்குப் போகும் வல்லக்காரர், அதாவது நாட்டுப்படகு மீனவர், ஒருவர் அதைப் பார்த்து, “அப்ப நாங்க பிடிச்ச மீனெல்லாம் எங்கண்ணே போச்சு?” என்று கேட்டபோது எனக்குப் பதில் இல்லை.

இபிஎஸ் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், பட்டையை ஒளிபுகும் நிறமாக வைக்காமல், வெளிர்சாம்பல் திட்டு நிறமாக எல்லாவற்றுக்கும் கீழே முதலில் வரைந்துவிட வேண்டும். மேட்பிளாட்லிப்பில் இசட் ஆர்டர் என்ற எண்ணைக் குறைத்தும், ஜிஜிபிளாட்டில் செவ்வகத்தைக் கோடுகளுக்கு முன்னால் சேர்த்தும் இதைச் செய்யலாம். உண்மையில் எல்லாப் படங்களுக்கும் இதுவே நல்ல பழக்கம். நம்பக இடைவெளியை, அதாவது மதிப்பீடு எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதைக் காட்டும் நிழற்பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தில் மட்டும்தான் ஒளிபுகும் நிறத்துக்கு மாற்று இல்லை. அத்தகைய படத்துக்கு இபிஎஸ் வேண்டாம் என்று தயங்காமல் சொல்லிவிட்டு பிடிஎஃப் கொடுங்கள்.

இன்க்ஸ்கேப்பில் இபிஎஸ் திறக்க கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற துணை மென்பொருள் தனியே நிறுவப்பட்டிருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் 2017-இல் பாதுகாப்புக் காரணத்துக்காக இபிஎஸ் படங்களைச் செருகும் வசதியை நிறுத்திவிட்டது. புதிதாக ஒரு வேலையைத் தொடங்குபவர் இபிஎஸ் கோப்பைத் தாமாக விரும்பித் தேர்ந்தெடுப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இஎம்எஃப் பற்றிச் சுருக்கமாக

விண்டோஸ் கணினிக்குள் எக்செல்லிலிருந்து வேர்டுக்கோ பவர்பாயின்ட்டுக்கோ வரைபடம் போகும்போது இஎம்எஃப் பயன்படும். விண்டோஸை விட்டு வெளியே வந்தால் எழுத்தின் இடைவெளியும் கோட்டின் புள்ளிவரிசையும் பிசகும். அதற்கும் முந்தைய டபிள்யூஎம்எஃப் எங்காவது கிடைத்தால், அதைத் திருத்துவதைவிடத் தரவைத் தேடி மறுபடி வரைவது மேல்.

வெக்டர் வேண்டாத இடம்

எல்லா வரைபடத்தையும் வெக்டராகவே எடுக்க வேண்டும் என்பதில்லை. படகுகளின் இருப்பிடப் பதிவுகளை ஆண்டு முழுவதும் சேர்த்துக் கடற்படத்தின் மேல் புள்ளிகளாக இட்டால் புள்ளிகள் லட்சக்கணக்கில் போகும். எஸ்விஜியில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு தனிப்பொருள். வடிவமைப்பு மென்பொருள் அதைத் திறக்க முயன்று உறைந்து நிற்கும். அந்தப் புள்ளி அடுக்கை மட்டும் நிறக்கட்டப் படமாக்கி, அச்சையும் எழுத்தையும் வெக்டராக விட்டுவிடலாம். மேட்பிளாட்லிப்பில் ராஸ்டரைஸ்டு என்ற தேர்வும், ஆர் மொழியில் ஜிஜிராஸ்டர் தொகுப்பும் அதற்கென்றே இருக்கின்றன. சேமிக்கும்போது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று தெளிவைக் குறித்துவிட்டால் அறிக்கை அச்சுக்குப் போதும்.

கடல்நீரின் வெப்பநிலையை மாதவாரியாக, ஆண்டுவாரியாக நிறக்கட்டங்களில் காட்டும் படத்திலும் இதே வழி உதவும். மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் பவளப்பாறைகள் வெளிறியதைப் பற்றி எழுதுபவர்கள் அத்தகைய படத்தை அடிக்கடி வரைகிறார்கள். வெக்டராக எடுத்தால் அடுத்தடுத்த கட்டங்களுக்கு நடுவே மயிரிழைபோல் வெள்ளைக் கோடுகள் தெரியும். அது தரவில் உள்ள இடைவெளி அன்று, திரையில் ஓரங்களை மென்மையாக்கும்போது எழும் தோற்றம். கட்டங்களை நிறக்கட்டப் படமாக்கினாலோ, ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்துக்கும் அதன் உள்நிறத்தையே கொடுத்தாலோ அது மறையும்.

வடிவமைப்பு மென்பொருளுக்குள்

கோப்பைத் திறந்து அளவைச் சரிபார்த்ததும், கோடுகளும் புள்ளிகளும் அச்சும் அச்சின் எண்களும் இருக்கும் பகுதியை ஓர் அடுக்கில் சேர்த்துப் பூட்டிவிடுங்கள். தலைப்பு, குறிப்பு, இடப்பெயர், விளக்கப் பெட்டி ஆகியவை வேறோர் அடுக்கில் இருக்கட்டும். வடிவமைப்பாளர் நிறத்தை மாற்றலாம், கோட்டின் தடிமனை மாற்றலாம், பெயரை நகர்த்தலாம். ஆனால் ஒரு புள்ளி தெரியாமல் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அது ஏட்டுக் கணக்கைத் திருத்தியதற்குச் சமம். வடகடல் சட்டத்தை மட்டும் உயரத்தில் இழுத்துப் பெரிதாக்குவதும் அப்படித்தான், பக்கத்துச் சட்டத்தோடு ஒப்பிடும் கண்ணை அது ஏமாற்றிவிடும். வேலை முடிந்ததும் மூலப் படத்தை மேலே ஓர் அடுக்காக ஒளிபுகும்படி வைத்துப் பார்த்தால் நகர்ந்தது எதுவானாலும் தெரிந்துவிடும்.

கணக்கு திருத்தப்பட்டு வருவது எப்போதும் நடப்பதே. ஆகவே மாதப் பெயர், அச்சுப் பெயர், அடிப்படை நிறம், எழுத்துரு ஆகியவற்றை வரைபட நிரலிலேயே முடித்துவிட்டு, நிரலால் எளிதில் முடியாதவற்றை மட்டும் வடிவமைப்பு மென்பொருளில் செய்யுங்கள். அப்போது மறுபடி எடுத்தாலும் கைவேலை குறைவு.

இறுதியில் எந்த அகலத்தில் அச்சாகுமோ அதே அகலத்தில் முதலிலேயே வரைவது இன்னொரு நல்ல பழக்கம். மேட்பிளாட்லிப்பில் அச்சுக்கோட்டின் இயல்புத் தடிமன் 0.8 பாயின்ட். பத்து அங்குலத்தில் வரைந்ததை இரு பத்தி அறிக்கையின் மூன்றரை அங்குலப் பத்திக்குள் சுருக்கினால் அது 0.28 ஆகி, சாதாரணத் தாளில் உடைந்து உடைந்து அச்சாகும். பெரிதாக்கும்போதோ சுருக்கும்போதோ கோட்டின் தடிமனும் சேர்ந்து மாற வேண்டுமா என்ற தேர்வு இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்க்ஸ்கேப்பிலும் உண்டு. அது எந்த நிலையில் இருக்கிறது என்று பாராமல் அளவை மாற்ற வேண்டாம்.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போது

நம் பக்கத்து அச்சகங்களிலும் ஃபிளெக்ஸ் கடைகளிலும் கோரல்டிராதான் பெரும்பாலும் ஓடுகிறது, அதிலும் பழைய பதிப்புகள். பாமினி போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்களில் பழகிய இடத்தில் யூனிகோடு எழுத்தைக் கொடுத்தால், புரியாத குறிகளாகவோ வெறும் கட்டங்களாகவோ மாறிவிடும். “கர்வ்ஸ் போட்டுக் குடுங்க சார்” என்று கடைக்காரர் சொல்வது அதனால்தான். எழுத்து முழுவதையும் வடிவமாக மாற்றிக் கொடுங்கள் என்பது அதன் பொருள். வேலைக்கோப்பை வேறு பெயரில் சேமித்து, அந்தப் பிரதியில் மட்டும் எழுத்தை வடிவமாக்கி, பிடிஎஃப் ஆக எடுத்துக் கொடுக்க வேண்டும். மூலக்கோப்பிலேயே மாற்றிச் சேமித்துவிட்டு, மறுநாள் ஓர் எழுத்துப்பிழை தெரிந்ததும் தலையில் கைவைத்து உட்கார்வது எனக்கும் நேர்ந்திருக்கிறது.

நிறத்தில் ஒரு நுட்பம் உண்டு. எஸ்விஜியும் மேட்பிளாட்லிப்பும் தருவது திரைக்குரிய மூன்று நிறக் கணக்கு. ஆஃப்செட் அச்சுக்கு வேண்டியது நான்கு மை. கறுப்பு எழுத்து மாற்றத்தின்போது நான்கு மையும் கலந்த கறுப்பாகிவிட்டால், தகடுகள் இம்மி பிசகினாலும் ஒன்பது பாயின்ட் எண்களின் ஓரத்தில் நிறம் வழியும். இல்லஸ்ட்ரேட்டரிலோ கோரல்டிராவிலோ எழுத்தையும் அச்சுக்கோட்டையும் தேர்ந்து, கறுப்பு மை மட்டும் 100 என்று வைத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். ஆர் மொழியின் பிடிஎஃப் கருவியில் நான்கு மை நிறமுறையைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்கலாம், ஆனால் தமிழ் எழுத்துக்கு அந்தக் கருவி உதவாது என்பதை மேலே பார்த்தோம்.

ஃபிளெக்ஸ் பலகைக்கு முழு அளவில் கோப்பு தேவையில்லை. ஏழு அங்குலப் படத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கலாம் என்று விகிதத்தைக் கோப்பின் பெயரிலேயே எழுதிக் கொடுத்தால் கடையில் குழப்பம் வராது. படத்தில் நிறக்கட்ட அடுக்கு ஏதேனும் இருந்தால் அது மட்டும் பத்து மடங்கில் மங்கும் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.

அச்சுக்குப் போகும் கோப்பிலிருந்தே ஓர் ஏ4 சோதனைத் தாளை எடுத்துப் பாருங்கள். திரையில் சரியாக இருந்தது என்பதை அச்சகத்தில் யாரும் ஏற்கமாட்டார்கள். அந்தத் தாளில் நான் முதலில் பார்ப்பது கீழக்கரையின் ஐகாரத்தையும் தொண்டியின் ஒகரத்தையும். அடுத்து மே மாதத்துக்கு மேலே, சாம்பல் பட்டைக்குள் நாட்டுப்படகின் கோடு இருக்கிறதா என்று பார்ப்பேன்.